அலாஸ் என்று எழுதிய கடிதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் பேசுக என்று நண்பர்கள் பணித்தபொழுது, திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ யாம் பேசுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். யாமோ ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சினம் கொள்ள வேண்டா. அச்சொல்லின் வழியாகவே நம் தமிழைப் பற்றிய ஓர் உண்மையை யாம் கற்றோம். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

சில திங்கள்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், எம் பேத்தி தன் ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தாள்.

"தாத்தா, 'அலாஸ்' என்றால் என்ன?" என்று கேட்டாள்.

"அந்தோ என்று பொருள், அம்மா" என்றோம்.

"அந்தோ என்றால்?"

முனிர்காவில் பிறந்து வளரும் குழந்தைக்கு அந்தோவும் அலாஸும் ஒன்றே என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. "ஐயோ என்று பொருள்" என்றோம். அவள் சிரித்துவிட்டு, "ஐயோ என்றே சொல்லியிருக்கலாமே!" என்று கூறி ஓடிவிட்டாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எமக்கோ நெஞ்சில் முள் தைத்தாற்போல் இருந்தது. அதே சொற்களைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் வாயிலாக யாம் கேட்டிருக்கின்றோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் இந்த 'அலாஸ்' என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

இஃது ஆங்கில மண்ணில் முளைத்த சொல் அன்று. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 'ஆ' என்னும் ஒலியோடு 'லாஸ்' என்னும் சொல் சேர்ந்து உண்டாயிற்று. அந்த 'லாஸ்' இலத்தீனத்தில் களைத்தவன், சோர்ந்தவன் என்று பொருள்படும் 'லாஸ்ஸுஸ்' என்பதன் வழிவந்தது. எனவே, 'ஆ, சோர்ந்தேன்!' என்பதே இதன் பழம்பொருள் ஆகும். பிரெஞ்சுக்காரர் இதன் உடன்பிறப்பை 'எலாஸ்' என்று இன்றும் வழங்குகின்றனர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஹாம்லெட் ஒரு மண்டையோட்டைக் கையில் ஏந்திப் பேசும்பொழுது இச்சொல் அவன் வாயில் வருகிறது. இக்காலத்து ஆங்கிலேயர் இதனைப் பேச்சில் மிகுதியாக வழங்குவதில்லை. வழங்கினாலும் பெரும்பாலும் பாதி விளையாட்டாகவே வழங்குவர்.

நம் தொல்காப்பியரும் துயரத்தின் வேர்களை ஆராய்ந்தவரே. மெய்ப்பாடுகள் எட்டினுள் ஒன்றாகிய அழுகை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின் வழிப் பிறக்கும் என்று அவர் வகுத்தார். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. அசைவு என்பதற்குத் தளர்ச்சி என்னும் பொருளும் உண்டு. பண்டைய நிலை கெட்டு வேறு நிலை எய்தி வருந்துதல் என்று உரை கூறுவர். களைப்பிலிருந்து ஒரு வருத்தச் சொல்லைப் பிரெஞ்சு மக்கள் படைத்தார்கள். தளர்ச்சியை அழுகைக்கு ஒரு காரணமாக நம் இலக்கணம் எண்ணி வைத்தது. மக்கள் மனம் எங்கும் ஒன்றே.

இனி, 'அந்தோ'வைப் பார்ப்போம். இதனைத் தூய பழந்தமிழ்ச் சொல் என்று நாம் கருதியிருக்கலாம். தொல்காப்பியத்தில் திசைச்சொல்லுக்கு உரை எழுதிய பழையோர் சிலரோ, இதனைச் சிங்களத்திலிருந்து வந்த சொல்லாகக் காட்டுவர். 'ஐயோ'வின் கதை இன்னும் சுவையானது. 'ஐயன்' என்னும் சொல்லுக்குத் தந்தை என்றும் தலைவன் என்றும் பொருள் உண்டு. எனவே, 'அம்மா' என்று அலறுதல் போல, 'ஐயோ' என்பதும் தந்தையை விளித்து அழும் குரலே என்று கருதுவோர் உளர். இச்சொல்லை 2016 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தனக்குள் ஏற்றுக்கொண்டது. நாம் 'அலாஸ்' என்று எழுதக் கற்றோம்; ஆங்கிலேயர் அகராதியோ நம் 'ஐயோ'வைத் தேடிவந்து எடுத்துக்கொண்டது!

அப்படியிருக்க, எம் போன்றோர் ஏன் 'ஐயோ'வை விட்டு 'அலாஸ்' எழுதினோம்? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வீட்டில் 'ஐயோ' என்று சொல்லலாகாது என்னும் தடை. அது நமனுடைய மனைவியின் பெயர், அழைத்தால் வந்துவிடுவாள் என்று எம் பாட்டியார் வாயைப் பொத்துவார். மற்றொன்று, பள்ளியில் மனனம் செய்த ஆங்கிலப் பாடல்கள். அவற்றில் கப்பல் மூழ்கினாலும், பூ வாடினாலும், காதலி பிரிந்தாலும் 'அலாஸ்' வந்தே தீரும். 'ஐயோ' என்று எழுதினால் பட்டிக்காட்டான் என்பார்கள், 'அலாஸ்' என்று எழுதினால் படித்தவன் என்பார்கள் என்று எண்ணினோம். துன்பத்திலும் படித்தவனாகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசை பொல்லாதது.

அந்த ஆசைக்கும் மேலான வேறொரு காரணமும் எம்மிடம் இருந்தது. அதனை மறைக்காமல் உங்கள் முன் வைக்கவே வந்தோம்.

யாம் 1969 ஆம் ஆண்டில் மைய அரசின் எழுத்தராகத் தில்லிக்கு வந்தோம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் எம் தந்தையார், எம் தங்கையின் பாதுகாப்பில் இருந்தார். 1978 ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை மாலையில், 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று தந்தி வந்தது. அந்நாளில் தில்லித் தமிழர் வீடுகளில் இந்த நான்கு சொற்களைக் கண்டு நடுங்காதார் இல்லை. பெட்டி கட்டவும், பக்கத்து வீட்டில் கடன் வாங்கவும், ரயிலுக்கு ஓடவும் எல்லாரும் அறிந்திருந்தனர்.

யாம் ஓடவில்லை. ஒன்பது நாளில் துறைத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் வென்றால் பதவி உயர்வு கிடைக்கும். முன்பும் இருமுறை இத்தகைய தந்தி வந்து, யாம் போய்ச் சேர்வதற்குள் தந்தையார் எழுந்து அமர்ந்திருக்கிறார். இம்முறையும் அவ்வாறே ஆகும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். மறுநாள் தங்கைக்குக் கடிதம் எழுதினோம். 'அப்பாவைக் கவனித்துக் கொள். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை' என்று தமிழில் எழுதி, அடுத்து 'அலாஸ்!' என்று ஆங்கிலத்தில் எழுதி, வியப்புக் குறியும் இட்டோம்.

வியாழக்கிழமை இரண்டாம் தந்தி வந்தது. அன்றிரவே புறப்பட்டோம். சனிக்கிழமை அந்தியில் ஊர் சேர்ந்தபொழுது, பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்து எல்லாம் முடிந்திருந்தது. எம் கடிதமும் அன்று காலையில்தான் வந்ததாம். திண்ணையில் பிரித்த நிலையில் கிடந்தது.

அன்பர்களே, அக்கடிதத்தில் ஒரு பொய் இருந்தது. 'விடுப்புக் கிடைக்கவில்லை' என்று எழுதினோம். உண்மையில் யாம் விடுப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எம் மேலதிகாரி ஒரு கணமும் மறுத்திருக்க மாட்டார். அந்தப் பொய்யின் மேல் போர்த்திய பட்டுத் துணிதான் 'அலாஸ்'. அச்சொல் வருத்தத்தைக் காட்டும். ஆனால் அவ்வருத்தத்துக்குக் காரணம் யார் என்று காட்டாது. வானத்திலிருந்து இடி விழுந்தாற்போல, விதி வந்தாற்போல, யாரும் செய்யாமல் ஏதோ நடந்துவிட்டது என்று அது பேசும்.

இதனை யாம் உணர்ந்தது ஒரு வேடிக்கையான இடத்தில். தொலைக்காட்சி வந்த காலத்தில் ஒளிபரப்பு அடிக்கடி நின்றுபோகும். அப்பொழுது தில்லித் திரையில் 'ருகாவட் கே லியே கேத் ஹை' என்று ஓர் அட்டை தோன்றும். தடங்கலுக்கு வருத்தம் இருக்கிறது என்பது அதன் பொருள். யாருடைய வருத்தம்? அது சொல்லப்படவில்லை. சாலையைத் தோண்டிய இடத்தில் ஆங்கிலப் பலகை ஒன்று நிற்கும். நேர்ந்த இடையூறு வருந்தப்படுகிறது என்று அதன் வாசகத்தைப் பெயர்க்கலாம். யார் தோண்டினார், யார் வருந்துகிறார்? அதுவும் சொல்லப்படவில்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது, தமிழ்த் தொலைக்காட்சித் திரையில் அதே செய்தியைக் கண்டோம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்றிருந்தது. அந்த 'ஓம்' என்னும் ஈற்றைக் கண்டு திகைத்து அமர்ந்துவிட்டோம்.

தமிழில் வினைமுற்றுச் சொன்னால், செய்தவர் அச்சொல்லின் வாலிலேயே வந்து நிற்பார். வருந்துகிறேன் என்றால் ஒருவர். வருந்துகிறோம் என்றால் பலர். வருந்துகிறாள் என்றால் அவள். எழுவாயை ஒளித்து வைத்தாலும் வினையின் ஈறு காட்டிக் கொடுத்துவிடும். நம் இலக்கணத்தின் இந்த நேர்மையைப் பள்ளியில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மனனம் செய்தோம். அதில் ஓர் அறம் இருப்பதை அன்று உணரவில்லை. தமிழிலும் ஒளிய வழி இல்லாமல் இல்லை. 'வருத்தம் தெரிவிக்கப்படுகிறது' என்று ஒரு 'படு' சேர்த்துவிட்டால் செய்தவர் மறைந்துவிடுவார். அலுவலகத் தமிழ் இந்த வித்தையை நன்கு கற்றுவைத்திருக்கிறது. ஒளிய விரும்புவோர்க்கு எம்மொழியும் இடம் தரும். ஆயினும், தமிழில் ஒளிவதற்குச் சிறிது முயற்சி செய்ய வேண்டும். அம்முயற்சியைச் செய்யும்பொழுதே மனம் உறுத்தும்.

சொற்களுக்குத் தேய்மானம் உண்டு என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அலுவலகக் கோப்புகளில் ஆயிரம் முறை எழுதிய 'ரிக்ரெட்' என்னும் சொல், பழைய பிரெஞ்சில் இறந்தாரை எண்ணி அழுவதைக் குறித்தது. ஒப்பாரிச் சொல் ஒன்று, விண்ணப்பத்தை மறுக்கும் சொல்லாக மாறிவிட்டது! மெட்ரோ வண்டியில் தோள் இடித்தால் நாம் உதிர்க்கும் 'சாரி', பழைய ஆங்கிலத்தில் நோவுற்றிருத்தலைக் குறித்தது. புண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. புண் ஆறிவிட்டது, தழும்பும் மறைந்தது, ஒலி மட்டும் எஞ்சியிருக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ண வேண்டா. நாடுகளும் இச்சொற்களுக்காக வாதாடியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பல்லாண்டுகளாகப் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தெடுத்தது. 1999 ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஆழ்ந்த 'ரிக்ரெட்' தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிக்கப்பட்டோர் மனம் அதனால் ஆறவில்லை. 2008 ஆம் ஆண்டு பிப்ரவரி 13 ஆம் நாள், பிரதமர் கெவின் ரட் அதே மன்றத்தில் எழுந்து 'சாரி' என்றார். எளிய சொல்; குழந்தையும் அறிந்த சொல். அதனைக் கேட்டு முதியோர் கண்ணீர் விட்டனர். ஜாலியன்வாலாபாகில் 1919 ஏப்ரல் 13 அன்று நிகழ்ந்த கொலைக்கு நூறாண்டு நிறைந்தபொழுது, 2019 இல் பிரிட்டனின் பிரதமர் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்னும் சொல்லைக் கூறவில்லை. அந்த இடைவெளியை இந்தியர் எல்லாரும் கண்டனர்.

நம் தில்லியிலும் ஒன்று நிகழ்ந்தது. 1984 நவம்பரில் சீக்கியருக்கு நேர்ந்த கொடுமையை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தில்லியில் மட்டும் 2,733 பேர் மாண்டதாக அரசின் கணக்குக் கூறுகிறது. 2005 ஆகஸ்டில் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வெட்கத்தால் தலை குனிவதாகத் தன்மையிலேயே கூறினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. மாண்டவர் மீளவில்லை. நீதி கிடைக்கவில்லை என்று குமுறியோரும் பலர். அதனால் அச்சொல் போதுமானது என்று யாம் சொல்லவில்லை. ஆனால் 'ஏதோ நடந்துவிட்டது' என்பதற்கும் 'தலை குனிகிறேன்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது என்று மட்டும் சொல்கின்றோம்.

இனி எம் கதையை முடிப்போம்.

1983 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் தங்கை தன் குழந்தைகளோடு தில்லிக்கு வந்தாள். ஒரு காலைப் பொழுதில், பக்கத்திலுள்ள மலை மந்திருக்கு அழைத்துச் சென்றோம். 1973 இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலுக்கு உத்தர சுவாமிமலை என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுவாமிமலையின் நாதனே இங்கும் நிற்கின்றான் என்று அவளுக்கு மிக்க மகிழ்ச்சி. தந்தைக்கு மகன் பொருள் உரைத்த தலம் அது. வழிபாடு முடிந்து படியில் அமர்ந்தோம். குழந்தைகள் கீழே ஓடி விளையாடிக் கொண்டிருந்தனர்.

அவள் திடீரென்று கேட்டாள்: "அண்ணா, அப்பா போன அன்று ஒரு கடிதம் வந்ததே, அதில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டு போய்க் கேட்டேன். ஐயோ என்று அர்த்தம் என்றார். ஐயோ என்றே எழுதியிருக்கலாமே! எனக்குப் புரிந்திருக்குமே."

தந்தையை இழந்து பச்சை உடம்பு போல் கிடந்தவள், அண்ணன் எழுதிய ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறாள். அந்தக் காட்சியை எண்ணியதும் எமக்கு வேறு மறைப்பு எதுவும் கிடைக்கவில்லை.

"நான் விடுப்புக் கேட்கவே இல்லை, அம்மா. வந்திருக்கலாம். வரவில்லை" என்றோம்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. கோயில் மணி ஒலித்தது. பிறகு, "எழுந்திருங்கள், வெயில் ஏறுகிறது. குழந்தைகளுக்குப் பசிக்கும்" என்று கூறி, எம் கையைப் பற்றிக்கொண்டு படி இறங்கினாள். பொறுத்துக்கொண்டேன் என்று அவள் சொல்லவில்லை. பொறுத்தல் என்றால் சுமத்தல். ஐந்தாண்டுகளாக எம் சுமையை அவள்தான் சுமந்திருந்தாள். இன்னும் சுமப்பாயா என்று கேட்க எமக்கு என்ன உரிமை? ஆயினும், அன்றுமுதல் அவள் எழுதும் கடிதங்களில் தந்தையாரைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. கடைசி நாட்களில் அவர் என்ன உண்டார், யாரைக் கேட்டார் என்று சிறிது சிறிதாக எழுதினாள். யாம் உண்மை சொல்லும் வரையில் அவற்றை எமக்குத் தர அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

அன்பர்களே, நாம் எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள். நம்மில் பலர்க்கு ஊரில் ஒரு கடன் உண்டு. போகாத கலியாணம், பாராத நோயாளி, எழுதாத கடிதம் என்று ஒவ்வொருவர் கணக்கிலும் சில இருக்கும். அவற்றுட்பல நம் குற்றமும் அல்ல. ரயில் தாமதமாயிற்று, கையில் பணம் இல்லை, உண்மையிலேயே விடுப்பு மறுக்கப்பட்டது. அவற்றுக்கெல்லாம் 'அந்தோ' என்று சொல்லலாம், 'அலாஸ்' என்றும் சொல்லலாம். யாரும் செய்யாத துயரத்துக்கு உரிய சொற்கள் அவை. அவற்றை இகழ யாம் வரவில்லை. ஆனால், நாமே செய்ததற்கு அச்சொற்களைப் போர்த்தலாகாது. அங்கே 'செய்தேன்' என்னும் வினைமுற்று ஒன்றே பொருந்தும்.

இப்பொழுது தந்தியும் இல்லை. 2013 ஆம் ஆண்டு ஜூலையோடு அந்தச் சேவை முடிந்துவிட்டது. ஊருக்கு மூன்று மணி நேரத்தில் பறக்கலாம். முகம் பார்த்தும் பேசலாம். வருத்தம் தெரிவிக்க அழுத முகம் ஒன்றைக் கைப்பேசியில் அழுத்தி அனுப்பினால் போதும் என்றும் ஆகிவிட்டது. அந்த முகத்துக்கும் வினைமுற்று இல்லை. எனவே, பெற்றோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும்பொழுது, 'அந்தோ'வுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'உடைந்துவிட்டது' என்று அவர்கள் சொல்லும்பொழுது, 'உடைத்துவிட்டேன்' என்று சொல்லக் கற்பியுங்கள். அந்த 'ஏன்' என்னும் ஈறு வாயில் பழகிவிட்டால், மற்ற இலக்கணம் தானே வரும்.

இறுதியாக ஒன்று. இவ்வுரை முழுவதும் 'யாம்' என்றும் 'எம்' என்றும் பன்மையிலேயே பேசி வந்தோம். அது மேடை மரபு. பன்மையும் ஒளிந்து கொள்ள நல்ல இடமே என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆகவே, அக்கடிதத்தை எழுதிய கை ஒன்றுதான் என்பதையும், அது இப்பொழுது இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கும் கைதான் என்பதையும் சொல்லி அமைகின்றோம்.